இரண்டு வயதில் இறந்த ஈவன்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். பழைய தேவாலயப் பதிவேடுகளை இப்போது கணினியே வாசிக்கிறதாம், ஒருதரம் வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்கக்கூடிய ஒரு புத்தகத்தை அது ஒரு கோப்பி ஆறுவதற்குள் வாசித்து, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், பண்ணை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடுக்கித் தந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடினேன். ஒன்றுதான் அகப்பட்டது. அவ்வளவு சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். தன்னை ஒரு ராச பரம்பரை என்று நிரூபிக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்ற பல்வைத்தியரின் கதையைச் சொல்லித் தப்பிவிட்டேன். வேல்ஸ் கதையைச் சொல்லவில்லை. எங்கள் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நோர்வேக்காரர் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், இத்தனை வருடத்தில் எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

நான் சந்தேகக்காரி. இதை ஒளிப்பதில் பயனில்லை, ஒஸ்லோவில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். "உமக்கு உம்மடை நிழலிலையும் சந்தேகம்" என்று என் கணவர் சொல்லுவார். நிழல் வேளைக்கு ஒரு நீளமாகத்தானே இருக்கிறது, அதை எப்படி நம்புவது என்று நான் கேட்பேன்.

இந்தக் குணம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த இரண்டு வருடத்தில் வந்தது. மகனின் வயதைக் குறைக்க வந்த தகப்பன்மார், மகளின் சாதகத்துக்கு ஏற்றபடி பிறந்த நேரத்தை மாற்றக் கேட்டுக் கண்ணீர் விட்ட தாய்மார், எல்லோரையும் அந்த மேசையில் பார்த்தேன். பிறகு நானே பொய்யானேன். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டில் என் பெயர் புஷ்பராணி. யார் பெற்ற பிள்ளையோ அந்தப் புஷ்பராணி, அவள் உயிரோடு இருந்தாளா என்பது கூடத் தெரியாது. ஒஸ்லோ விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் இரண்டாம் தரம்தான் திரும்பிப் பார்த்தேன்.

வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் ஐந்து வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து மொழி படித்து, ஆவணக் காப்பக உதவியாளர் படிப்பும் முடித்து, குடும்ப வரலாறு தேடிக் கொடுக்கும் ஒரு சிறிய தனியார் அலுவலகத்தில் சேர்ந்தேன். மொத்தம் நாலு பேர். அதை நடத்தியவர் கூன்வோர்.

கூன்வோரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கிய, உயரமான, ஒல்லியான பெண். அவர் கதிரையில் இருந்ததை நான் கண்டதில்லை, சன்னல் விளிம்பில் கோப்புகளை விரித்து நின்றபடியே வாசிப்பார். மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கு, மெழுகுக் கடதாசியில் சுற்றிய பாண் துண்டுகளும் பழுப்புப் பாற்கட்டியும், அதையும் நின்றபடிதான். யாரையும் திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு பதிவை நாங்கள் கண்டுபிடித்துத் துள்ளிக்கொண்டு போனால், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதைப் பாதிரியாருக்குச் சொன்னது ஆர்?" என்று கேட்பார். தாயா, தகப்பனா, மருத்துவிச்சியா, பக்கத்து வீட்டுக்காரனா? சொன்னவருக்கு அதில் என்ன லாபம்? கச்சேரியில் இருந்து வந்தவளுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இருக்குமா? இவர் எங்கள் ஆள்தான் என்று முதல் நாளே நினைத்துக்கொண்டேன்.

அவருடைய முறைகள் கடுமையானவை. ஒவ்வொரு கோப்பின் முதல் தாளிலும், தேடும் கேள்வியை ஒரே வசனத்தில் பென்சிலால் எழுத வேண்டும். அதன் கீழே ஒரு பக்கம் ஆவணம் சொல்வது, மறுபக்கம் அதைச் சொன்ன ஆள். வெளியூரில் இருந்து பதிவேட்டுப் பிரதிகள் வந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக வாசித்துவிட்டு வலது கீழ் மூலையில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை இட வேண்டும். எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் வாசிக்கப்பட்டது, இனி யாரும் திரும்பப் பார்க்கத் தேவையில்லை என்று அர்த்தம். வேலை முடிந்த கோப்பு மூன்று நாள் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும். நாலாம் நாள்தான் வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். "கடதாசி சூடு ஆற வேணும்" என்பார்.

எனக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் நன்றாக இருந்தது. நோர்வேயின் பழைய கையெழுத்து அப்போது ஒரு வரியும் விளங்காது. அதனால் தொடக்கத்தில் பிரித்தானியாவோடு சம்பந்தப்பட்ட கோப்புகளை மட்டும் தந்தார்கள். வேல்ஸ் என்றால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். ஒரு கோவிற்பற்றில், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்களில், பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் ஈவன்ஸ், எவன் எவனுடைய மகன் என்று மண்டை காயும். எனக்கு அது புதுமையாக இல்லை. அங்கேயும் முந்தின காலத்தில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரைத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் சொல்வதும் பண்ணைப் பெயரால்தான், எங்கள் ஊரில் வளவுப் பெயர் சொல்வதுபோல. நான் இவர்களை விளங்கிக்கொண்டுவிட்டேன் என்று ஒரு கெப்பர், ஒரு தலைக்கனம், எனக்கு வந்திருந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ராண்டி என்ற பெண் வாடிக்கையாளராக வந்தார். ஐம்பது வயது, ஒஸ்லோவின் புறநகர் ட்வெய்ட்டாவில் அடுக்குமாடியில் தனியாக இருந்தார், ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. கைப்பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சிகரெட் பெட்டியின் அட்டை, பிரித்து விரித்தது. அதன் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர், ஒரு பண்ணை, ஒரு கோவிற்பற்று, அதன் கீழே ஒரு பெண்ணின் பெயர்.

"இது என்ர அப்பா. ஈவன் ரீஸ். கீழை இருக்கிறது அவற்றை தாயின்ர பேர்" என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கோடையில் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிறிய ஊருக்குப் பிரித்தானியப் படை வந்திருக்கிறது. ராண்டியின் தாய் சூல்வைக்குப் பத்தொன்பது வயது. அவரோடு பழகிய ஒரு படைவீரன் இலையுதிர் காலத்தில் போய்விட்டான், பிறகு ஒரு கடிதமும் இல்லை. பிள்ளை பிறந்தது. ஊரார் நம்பவில்லை. ஜெர்மன்காரனுக்குப் பெற்றுவிட்டுப் பிரித்தானியன் என்று கதை கட்டுகிறாள் என்றார்கள். ஐந்து வருடம் ஜெர்மனியின் பிடியில் கிடந்த நோர்வேயில் அந்தக் காலத்தில் ஜெர்மன்காரனின் பிள்ளை என்றால் என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராண்டியைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அம்மா அவரைப் பற்றி ஒண்டே ஒண்டுதான் சொல்லுவா. விட்டிட்டுப் போனது உண்மை, ஆனால் தன்ர சொந்தப் பேரைத் தந்திட்டுப் போனவர் எண்டு" என்றார் ராண்டி. "அம்மா இப்ப பராமரிப்பு இல்லத்திலை இருக்கிறா. கனநாள் இருக்கமாட்டா. அவ சொன்னது சரி எண்டு ஒரு கடதாசியிலை காட்டவேணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

முதல் தாளில் கேள்வியை எழுதினேன்: சூல்வைக்குச் சொல்லப்பட்ட பெயர் அந்த மனிதனின் சொந்தப் பெயரா?

உண்மையைச் சொல்கிறேன், அதை எழுதும்போதே என் மனதில் விடை இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்த வாலிபன், பத்தொன்பது வயதுப் பெட்டை, இரண்டு மாதம். அவன் சொந்தப் பெயரையா கொடுத்திருப்பான்?

அந்தக் கோவிற்பற்றுப் பாதிரியாருக்கு எழுதினேன். நல்ல மனிதர், ஒரு மாதத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும் பதினாறு பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பினார். மூன்றாம் பக்கத்திலேயே ஆள் அகப்பட்டான். அதே பண்ணை, அதே தாய், குழந்தை ஈவன். வயதும் ஒத்துவந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூன்வோரின் முறைப்படி அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். அங்கே இருந்தது. ஈவன் ரீஸ், அதே பண்ணை, வயது இரண்டு.

எழும்பி நின்றுவிட்டேன். செத்த குழந்தையின் பெயர்! இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. செத்தவர்களின் பெயரில் எல்லை கடந்தவர்களோடு ஒரே அகதி முகாமில் இருந்தவள் நான். அந்தப் பண்ணையை அறிந்த எவனோ ஒருவன், பக்கத்து ஊர்க்காரனாக இருக்கலாம், நாளைக்கு யாரும் தேடி வந்தால் கல்லறையோடு நிற்கட்டும் என்று இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசம் இருக்கிறதே, அது பொல்லாதது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இன்னும் ஏழு பக்கம் மிச்சம் இருந்தது. அந்தக் குழந்தை செத்த பிறகு வந்த வருடங்களின் ஞானஸ்நானப் பக்கங்கள். அவை எனக்கு எதற்கு? செத்தவன் திரும்பிப் பிறக்கப் போகிறானா? ஏழிலும் மூலையில் என் எழுத்தை இட்டேன். வாசிக்கவில்லை.

அன்றைக்குக் கூன்வோர் கோப்பைச் சன்னலடியில் விரித்து நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாப் பக்கமும் வாசிச்சனியோ?"

"ஓம், வாசிச்சனான்."

"நிச்சயமோ?"

"எழுத்துப் போட்டிருக்கிறன்தானே" என்றேன், கொஞ்சம் சூடாகவே. வேற்று நாட்டுக்காரி என்றபடியால் என்னை இரண்டு தரம் கேட்கிறார் என்று அவரையும் சந்தேகித்தேன். கோப்பு லாச்சிக்குள் போனது. மூன்று நாள் கிடந்தது. நாலாம் நாள் ராண்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லும்போது குரலை மெதுவாக வைத்துக்கொண்டேன். அந்த மெதுவைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. ராண்டி அந்த அட்டையை உறைக்குள் வைத்து மூடி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கோப்பி நேரம். ஆர்ன என்ற சக ஊழியர் ஏதோ ஒரு நோர்வேக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், "இந்த வீட்டிலை ஊலே எண்டு மூண்டு பேர், மூண்டாவதுதான் தப்பிப் பிழைச்சது" என்றார்.

"ஒரே வீட்டிலை மூண்டு பெடியளுக்கு ஒரே பேரோ?" என்று சிரித்தேன்.

"முதல் இரண்டும் செத்துப் போச்சுது. தாத்தாவின்ர பேர் எல்லோ, அது பண்ணையிலை நிலைக்க வேணும். செத்தால் அடுத்ததுக்கு வைப்பினம். உனக்குத் தெரியாதோ? எல்லா இடமும் அப்படித்தானே?"

எல்லா இடமும் அப்படி இல்லை. என் அம்மாவுக்கு எனக்கு முன்னே ஒரு ஆண் குழந்தை பிறந்து பத்து மாதத்தில் போய்விட்டது. அந்தப் பெயரை அம்மா வாழ்நாளில் திரும்பச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் அதே பெயரில் ஒரு பையன் இருந்தான், அவனை அம்மா "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பிறகு பிறந்த என் தம்பிக்கு அதே பெயரை வைக்கலாம் என்று யாராவது வாய் திறந்திருந்தால் அம்மா அவரை வாசற்படி ஏற விட்டிருக்கமாட்டார். எங்கள் ஆட்களில் எந்தத் தாயும் செய்யமாட்டாள். அதனால் உலகத்தில் யாருமே செய்யமாட்டார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அது ஒரு முடிவு என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கோப்பியை வைத்துவிட்டுப் போய் அலுமாரியைத் திறந்தேன். வாசிக்காத ஏழு பக்கத்தில் இரண்டாவது பக்கம். அதே பண்ணை, அதே தகப்பன், அதே தாய். மகன், ஈவன். மூத்தவன் செத்து ஒரு வருடத்தில் பிறந்தவன். மூலையில் என் எழுத்து, பென்சிலில், வடிவாக.

அதைக் கிழித்து எறிந்திருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வந்தது. கூன்வோரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பதிவை வாசித்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"இது உன்ர எழுத்துத்தானே?"

"ஓம்."

"வாசிக்கேல்லை."

"இல்லை."

ஏதாவது சொல்வார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குளிர்க் கோட்டை எடுத்துப் போடு" என்றார். இரண்டு பேரும் சுரங்க ரயிலில் ட்வெய்ட்டாவுக்குப் போனோம். அந்த வண்டியிலும் அவர் ஆசனத்தில் இருக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராண்டி கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். நான் பக்கத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். உங்கள் அப்பா தந்தது சொந்தப் பெயர், பிழை என்னுடையது என்றேன்.

"இந்தக் கடதாசி அண்டைக்கு எங்கை இருந்தது?"

"என்ர கையிலை இருந்தது. நான் வாசிக்கேல்லை."

ராண்டி தலையை ஆட்டினார். அம்மா ஈஸ்டருக்கு முன்னம் இறந்துபோய்விட்டார் என்றார். நான் சொன்ன அன்று பின்னேரமே ராண்டி பராமரிப்பு இல்லத்துக்குப் போய்த் தாயிடம் அதைச் சொல்லியிருக்கிறார். சூல்வை, "பேருமோ பொய்?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த மனிதனைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லையாம்.

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். கூன்வோர் ராண்டியிடம் மன்னிப்புக் கேட்டார். என்னைச் சுட்டிக்காட்டாமல், "நாங்கள் பிழை விட்டிட்டம்" என்றார். ராண்டி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அந்த ஆளைக் கண்டுபிடியுங்கோ" என்றார்.

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க இரண்டு கிழமைகூட எடுக்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. ஈவன் ரீஸ் உயிரோடு இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பண்ணைக்குக் கீழே கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று பாதிரியார் எழுதினார். ராண்டிக்கு ஆங்கிலம் எழுத வராது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த முறை கூன்வோர் பக்கத்திலேயே நின்றார். கேள்விக்குள் விடையை வைக்காதே என்றார். அதனால் அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உங்கள் பெயரை எதில் எழுதிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். சூல்வை காலமாகிவிட்டார் என்பதையும் எழுதினோம்.

பதில் இரண்டு தாளில் வந்தது, முதுமையில் கோணிப்போன எழுத்தில். சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில், பென்சிலால், என்று தொடங்கி, இப்படி எழுதியிருந்தார். என் தாயின் பெயரையும் எழுதினேன், நான் திரும்பி வராவிட்டால் அவள் என் தாய்க்கு எழுதட்டும் என்று. அவள் எழுதவில்லை. அவளுக்கு ரோசம் அதிகம். எனக்கு ஊரில் ஏற்கனவே நிச்சயமான பெண் இருந்தாள், அதை நான் சூல்வைக்குச் சொல்லவில்லை. நான் கோழை. பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. நான் அவளுக்குக் கொடுத்த ஒரே உண்மை அந்தப் பெயர்தான். அது என் சொந்தப் பெயர் என்று அவள் கடைசிவரை நம்பினாளா? அதை மட்டும் எழுது மகளே.

ட்வெய்ட்டாவில் ராண்டியின் சமையலறை மேசையில் வைத்து இதை வாசித்து, வரி வரியாக நோர்வே மொழியில் சொன்னேன். கடைசிக் கேள்வி வந்ததும் ராண்டி எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூடிவிட்டு வந்து இருந்தார்.

"அம்மாட்டைப் போய்ச் சொன்னது நான்" என்றார். "நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவ கேக்கக்கூட இல்லை. நானாப் போய்ச் சொன்னனான்."

பேனாவை எடுத்தேன். சூல்வை உங்கள் பெயரைக் கடைசி நாள்வரை நம்பினார், அதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ராண்டி எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

"என்ன எழுதியிருக்கிறியள்?"

நோர்வே மொழியில் சொன்னேன். ராண்டி மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

இன்னொரு தரம் சொன்னேன். பிறகு மூன்றாம் தரமும் கேட்டார், அதையும் சொன்னேன்.